ஸ்ட்ரெய்ட்னர் முடியை எப்படி நேராக்குகிறது? வீட்டில் செய்துகொள்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

ஹேர் ஸ்ட்ரெய்ட்னர் இன்று பல வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. அதைப் பற்றிய பேச்சுக்கும் குறைவில்லை. சூட்டைக் கூட்டி வைத்தால் இன்னும் இரண்டு நாள் நிற்கும், லேசாக ஈரம் இருந்தால்தான் நன்றாகப் படியும், எண்ணெய் தடவிக்கொண்டால் முடி கருகாது, விடாமல் செய்துவந்தால் நாளடைவில் முடியே நேராகிவிடும் என்றெல்லாம் சொல்கிறார்கள். நான்குமே தவறு. முதல் மூன்றும் முடியைக் கெடுக்கும். நான்காவது, கெட்டுப்போன முடியை நேரான முடி என்று நம்ப வைக்கும். கருவிக்கும் முடிக்கும் இடையே நடப்பது என்ன என்று புரிந்துவிட்டால், எத்தனை டிகிரி வைப்பது, எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் யாரையும் கேட்காமல் நீங்களே முடிவு செய்யலாம்.

சட்டைக்கு அயர்ன் போடுவது போலத்தான், ஓர் இடம் வரை

துவைத்துக் காய்ந்த பருத்திச் சட்டையில் சுருக்கம் ஏன் நிற்கிறது? பருத்தி இழைக்குள் இருக்கும் நீண்ட மூலக்கூறுகள் பக்கத்தில் உள்ளவற்றை மெல்லிய பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சட்டை எந்த நிலையில் காய்ந்ததோ, அந்த நிலையிலேயே பிடி இறுகிவிடுகிறது. நாம் தெளிக்கும் தண்ணீரும் அயர்ன் பெட்டியின் சூடும் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. பெட்டியின் எடை துணியைத் தட்டையாக்குகிறது. சூடு ஆறியதும் பிடி புதிய நிலையில் மறுபடி இறுகுகிறது, மடிப்பு நிற்கிறது. அதே சட்டை மழையில் நனைந்தால் மடிப்பு போய்விடும்.

முடியிலும் இதே வரிசைதான்: தளர்த்து, நேராகப் பிடி, ஆறவிடு. ஆனால் தண்ணீர் விஷயத்தில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. சட்டையில் தண்ணீர் தெளிக்கலாம், முடியில் கூடாது. காரணம் முடியின் அமைப்பில் இருக்கிறது.

ஒரு முடிக்குள் என்ன இருக்கிறது

ஒரு முடியின் தடிமன் பொதுவாக 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர். அதன் வெளிப்புறத்தை, நிறமற்ற, மிக மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காகப் போர்த்தியிருக்கின்றன. இந்தச் செதில் உறைக்கு க்யூட்டிகிள் என்று பெயர். செதில்கள் படிந்திருந்தால் முடி பளபளக்கும், தூக்கிக்கொண்டிருந்தால் பரட்டையாகத் தெரியும். உறைக்குள் இருக்கும் பெரும்பகுதி கார்ட்டெக்ஸ். முடியின் வலு, நிறம், சுருள் எல்லாம் இங்கேதான். கார்ட்டெக்ஸ் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நகமும் அதே வகைப் புரதம்தான்.

கெரட்டின் இழைகளை அடுத்தடுத்துப் பிணைத்து வைத்திருப்பவற்றில் இரண்டை மட்டும் தெரிந்துகொண்டால் இந்தக் கட்டுரைக்குப் போதும்.

ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. தனித்தனியாக மிக வலுவற்றது, எண்ணிக்கையில் ஏராளம். தண்ணீர் பட்டால் அவிழும், சூட்டிலும் அவிழும். காய்ந்து ஆறினால் மறுபடி சேரும். தலைக்குக் குளித்து ஈரத்தோடு பின்னல் போட்டு, காய்ந்தபின் அவிழ்த்துப் பாருங்கள். நேரான முடிகூட அலை அலையாக இருக்கும். எந்தச் சூடும் படவில்லை. ஈரத்தில் அவிழ்ந்த பிணைப்புகள் பின்னலின் வளைவிலேயே காய்ந்து இறுகியிருக்கின்றன, அவ்வளவுதான். மறுநாள் நனைத்தால் அலை காணாமல் போகும்.

இன்னொன்று டைசல்ஃபைடு பிணைப்பு. இது இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்பது. குறைவான எண்ணிக்கை, ஆனால் மிக உறுதி. தண்ணீரால் அவிழாது. வேர்க்குழியின் வடிவத்துக்கேற்பச் சுருண்டு வளரும் முடியை அந்தச் சுருளிலேயே நிலைநிறுத்துவது இதுதான்.

ஸ்ட்ரெய்ட்னர் தொட வேண்டியது முதல் வகையை மட்டுமே. இரண்டாவது வகை அப்படியே இருப்பதால்தான், தலை நனைந்ததும் உங்கள் பழைய சுருள் திரும்பி வருகிறது. அது கருவியின் குறை இல்லை. முடி இன்னும் கெடவில்லை என்பதற்கான அடையாளம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: சூடு ஹைட்ரஜன் பிணைப்புகளை அவிழ்க்கிறது, தகடுகள் முடியை நேராகப் பிடிக்கின்றன, ஆறும்போது பிணைப்புகள் நேரான நிலையில் சேர்கின்றன. தண்ணீர் பட்டால் எல்லாம் பழையபடி.

பார்லரில் செய்வது வேறு

பார்லரில் செய்யும் ரீபாண்டிங், ஸ்மூத்தனிங் போன்றவையும் பேச்சுவழக்கில் ஸ்ட்ரெய்ட்டனிங் என்றே அழைக்கப்படுவதால் குழப்பம் வருகிறது. ரீபாண்டிங்கில் அமோனியம் தயோகிளைக்கோலேட் போன்ற ஒரு ரசாயனக் க்ரீம் டைசல்ஃபைடு பிணைப்புகளையே உடைக்கிறது. முடியை அலசி, உலர்த்தி, தகடு வைத்து நேராக்கியபின், பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள இன்னொரு க்ரீம் அந்தப் பிணைப்புகளைப் புதிய இடத்தில் சேர்க்கிறது. அதனால்தான் அது குளித்தாலும் போகாது. வேரிலிருந்து புதிதாக வளரும் முடி மட்டும் பழையபடி சுருளாக வரும். வீட்டில் வெறும் சூட்டை வைத்துக்கொண்டு அந்தப் பலனை எதிர்பார்ப்பதால்தான் பலர் டிகிரியைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

கெரட்டின் ட்ரீட்மென்ட் என்று விற்கப்படுபவற்றில் சில, சூடுபட்டதும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவை வெளியிடுகின்றன. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வைத்திருக்கும் வாயு அது. அந்தக் குப்பிகளை வாங்கி, கதவு சாத்திய படுக்கையறையில் ஸ்ட்ரெய்ட்னர் பிடிக்கவே கூடாது.

ஈரம் ஏன் எதிரி

சட்டை நெய்த துணி, ஆவி நான்கு பக்கமும் தப்பித்துக்கொள்ளும். முடியில் உறிஞ்சப்பட்ட தண்ணீர் க்யூட்டிகிள் உறைக்குள் இருக்கிறது. நன்றாக நனைந்த முடி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் தண்ணீரை உள்ளே வைத்திருக்கும். தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகி, 1600 மடங்குக்கும் மேல் விரியும். 180 டிகிரித் தகடு இரண்டு பக்கமும் அழுத்தும்போது அந்த ஆவிக்கு வெளியே வர நேரமில்லை. கார்ட்டெக்ஸுக்குள்ளேயே குமிழ்கள் உண்டாகின்றன. நுண்ணோக்கியில் வைத்தால் அந்தக் குமிழ்கள் துளைகளாகத் தெளிவாகத் தெரியும். குமிழ் விழுந்த இடத்தில் முடி ஒடியும். அதைச் சரிசெய்ய எந்த சீரமும் கிடையாது.

தகட்டை மூடும்போது ‘சுர்ர்’ என்று சத்தம் வந்தால் அது இந்த ஆவிதான். அந்த நொடியே எடுத்துவிட்டு, ஹேர் ட்ரையரால் அந்தப் பகுதியை உலர்த்துங்கள். மேற்பக்கம் காய்ந்து, பிடரிப் பக்கம் உள்ளடுக்கு ஈரமாக இருப்பது வழக்கம். அடர்த்தியான முடி உள்ளவர்கள் விரலை வேர்வரை விட்டுப் பார்க்க வேண்டும். குளிர்ச்சியாகப் பட்டால் இன்னும் காயவில்லை.

ஈர முடிக்கும் பயன்படும் என்று சொல்லி விற்கப்படும் கருவிகளில் ஆவி வெளியேறத் தகட்டில் துளைகள் இருக்கும். சாதாரணக் கருவியில் அந்த வசதி இல்லை. துளை இருந்தாலும் காய்ந்த முடியில் செய்வதே நல்லது.

எத்தனை டிகிரி?

மிக அதிகத் தவறு நடப்பது இங்கேதான். ஹைட்ரஜன் பிணைப்பு அவிழப் பெரிய சூடு தேவையில்லை, ஹேர் ட்ரையரின் சூட்டிலேயே அது நடக்கிறது. தகட்டுக்குக் கூடுதல் சூடு தேவைப்படுவதற்குக் காரணம், ஒரு கற்றையைச் சில நொடிகளில் கடக்கும்போது நடுவில் இருக்கும் முடிவரை வெப்பம் போய்ச் சேர வேண்டும் என்பதே.

150 டிகிரியைத் தாண்டும்போது கெரட்டினின் உட்கூறுகளும் முடியின் நிறமியும் மெல்ல மெல்லச் சிதையத் தொடங்குகின்றன. 200-ஐத் தாண்டினால் சிதைவு வேகமெடுக்கும். உலர்ந்த முடியில் கெரட்டினின் சுருள் அமைப்பே குலைவது சுமார் 230 முதல் 240 டிகிரியில். பல கருவிகளின் உச்ச அளவு 230 என்பதைக் கவனியுங்கள். அந்த எண் பார்லர்களில் ரசாயன சிகிச்சையை முடிக்கும்போது பயன்படுவது. வீட்டில் தினசரி உபயோகத்துக்கு அது வேண்டியதில்லை.

மெல்லிய முடி, சாயம் போட்ட முடி, ப்ளீச் செய்த முடி என்றால் 120 முதல் 150 வரை. நடுத்தர முடிக்கு 150 முதல் 180. தடித்த, இறுக்கமான சுருட்டை முடிக்கு 180 முதல் 200. நரைத்த முடிக்கு எப்போதும் குறைந்த அளவே, ஏனென்றால் அதிகச் சூட்டில் வெள்ளை முடி மஞ்சளாகும்.

இந்த வரம்புக்குள் உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வரம்பின் கீழ் அளவில் தொடங்கி, பிடரியில் வெளியே தெரியாத ஒரு கற்றையை எடுத்து, ஒரே ஒரு முறை மெதுவாக இழுங்கள். நேரானால் அதுதான் உங்கள் அளவு. ஆகாவிட்டால் 10 டிகிரி கூட்டி, வேறு கற்றையில் பாருங்கள். ஒரே முறையில் நேராகும் மிகக் குறைந்த சூடுதான் நமக்கு வேண்டியது. சூட்டை ரொம்பக் குறைத்து வைத்துக்கொண்டு அதே கற்றையை ஐந்தாறு முறை இழுப்பதும் கெடுதல்தான். ஒவ்வொரு முறையும் செதில்கள் உரசித் தேய்கின்றன.

சூட்டைக் கூட்டினால் கூடுதல் நாள் நிற்குமா? பிணைப்புகள் அவிழ்ந்து சேர்ந்துவிட்டபின், அதற்குமேல் கொடுக்கும் சூடு அவற்றை இன்னும் இறுக்குவதில்லை. நேர் கலைவது காற்றின் ஈரத்தாலும் வியர்வையாலும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கடற்காற்று வீசும் நாளில் மாலைக்குள் முடி உப்பத் தொடங்கும், 160-ல் செய்திருந்தாலும் 220-ல் செய்திருந்தாலும். அதைத் தள்ளிப்போட, செய்து முடித்தபின் ஆன்டி-ஃப்ரிஸ் சீரம் ஓரிரு சொட்டு தடவலாம். அதிலுள்ள சிலிக்கோன் படலம் ஈரம் உள்ளே போவதைத் தாமதப்படுத்தும்.

வெளிநாட்டிலிருந்து வந்த கருவி என்றால் எண்ணைப் படிக்கும்போது கவனம் தேவை. அமெரிக்கக் கருவிகள் ஃபாரன்ஹீட்டில் காட்டும். 300 என்றால் ஏறக்குறைய 149 டிகிரி செல்சியஸ், 350 என்றால் 177, 400 என்றால் 204, 450 என்றால் 232. இன்னொன்று, அங்கே மின்சாரம் 120 வோல்ட். கைப்பிடியில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் மட்டும் இங்கே செருகலாம். 120 என்று மட்டும் இருந்தால், வெறும் ப்ளக் மாற்றியை மாட்டி நம் 230 வோல்ட்டில் செருகினால் கருவி எரிந்துபோகும்.

சுருக்கமாக: முழுக்கக் காய்ந்த முடி, ஒரே இழுப்பில் நேராகும் மிகக் குறைந்த டிகிரி, 200-ஐத் தாண்டுவதே இல்லை.

ஸ்ப்ரே, சீரம், எண்ணெய்

ஹீட் ப்ரொடெக்டன்ட் என்று விற்பது தகட்டுக்கும் முடிக்கும் இடையே மெல்லிய படலம் போடும் பொருள். சிலிக்கோன்களும் பாலிமர்களும் அதில் இருக்கும். வெப்பம் முடிக்குள் இறங்கும் வேகத்தை அது குறைக்கிறது, உரசலையும் குறைக்கிறது. வெப்பத்தை முழுக்கத் தடுப்பதில்லை. அதனால், ஸ்ப்ரே அடித்தாயிற்று என்று 220 வைப்பதில் அர்த்தமில்லை. தோள்வரை உள்ள முடிக்கு, 15–20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து ஆறிலிருந்து எட்டு முறை அடித்தால் போதும். பிறகு சீப்பால் பரப்ப வேண்டும். பெரும்பாலான ஸ்ப்ரேக்களில் தண்ணீரோ ஆல்கஹாலோ இருப்பதால், அது முழுக்கக் காயும்வரை தகட்டைத் தொடக் கூடாது.

தேங்காய் எண்ணெய்க்குத் தலைமுடி விஷயத்தில் உண்மையான பெருமை உண்டு. குளிப்பதற்குமுன் தடவினால் கார்ட்டெக்ஸ்வரை ஊறி, அலசும்போது புரதம் கழன்று போவதைக் குறைக்கும். ஆனால் அதன் இடம் குளியலுக்கு முன்னால். தகட்டுக்கு முன்னால் அதற்கு வேலையில்லை. எண்ணெய் தடவிய முடி தகட்டில் பட்டால் எண்ணெய் புகையும், தகட்டில் பிசுபிசுப்பாக ஒட்டிக் கருகும். செக்கில் ஆட்டிய எண்ணெய் 180 டிகிரி வாக்கிலேயே புகையத் தொடங்கிவிடும். கருகிய படிவு அடுத்த முறை முடியைப் பிடித்து இழுக்கும். முந்தைய நாள் எண்ணெய் வைத்திருந்தால் ஷாம்பு போட்டு அலசி, உலர்த்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

செய்யும் முறை

தலைக்குக் குளித்து, கண்டிஷனர் போட்டு, முழுக்கக் காயவிடுங்கள். பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே போய்ச் சிக்கெடுங்கள். சிக்கு இருந்தால் தகடு அங்கே நிற்கும், நிற்கும் இடம் வேகும்.

ஸ்ப்ரே அடித்துக் காய்ந்ததும், முடியை நடு வகிடு எடுத்து, காதுக்குக் காது இன்னொரு கோடு போட்டு நான்காகப் பிரித்து, மேற்பகுதிகளை க்ளிப் போட்டுத் தூக்கிவிடுங்கள். பிடரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாலைந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு கற்றை எடுங்கள். கற்றை எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்றால், சீப்பைப் பின்னால் வைத்தால் அதன் பற்கள் முடி ஊடாகத் தெரிய வேண்டும். தடித்த கற்றையில் வெளிமுடி மட்டும் சூடாகும், உள்முடி சுருளாகவே இருக்கும். பிறகு இரண்டாவது, மூன்றாவது முறை இழுப்போம், அடிவாங்குவது வெளிமுடி.

வேரிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் விட்டுத் தகட்டை மூடுங்கள். முடி நழுவாத அளவு அழுத்தம் போதும், நெரிக்க வேண்டாம். நெரித்தால் மூடிய இடத்தில் ஒரு மடிப்புக் கோடு விழும். மூடிய உடனே நகரத் தொடங்கி, நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில், எங்கும் நிற்காமல் நுனிவரை வாருங்கள். 45 சென்டிமீட்டர் முடிக்கு 15 முதல் 20 நொடி ஆகும். தகட்டுக்கு முன்னால் ஒரு சீப்பைப் பிடித்து, அதைத் தகடு துரத்துவது போலக் கொண்டுவந்தால் முடி பரந்து, சமமாகச் சூடேறும். பழகாத கைக்கு இது கொஞ்சம் சிரமம், ஆனால் நல்ல பலன் தரும்.

நுனியில் வேகத்தைக் கூட்டுங்கள். உங்கள் முடியிலேயே மிகப் பழைய பகுதி நுனி. மாதம் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது என்றால், 45 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் நுனி மூன்றே முக்கால் வருட வெயிலும் ஷாம்பும் சீப்பும் பார்த்தது. அதன் செதில்கள் ஏற்கெனவே தேய்ந்திருக்கும்.

இழுத்து முடித்த கற்றையை உடனே சீவாதீர்கள், காதுக்குப் பின்னால் ஒதுக்காதீர்கள், க்ளிப் போடாதீர்கள். ஆறும்போதுதான் பிணைப்புகள் சேர்கின்றன. அந்த ஒரு நிமிடத்தில் வளைத்தால் வளைவாகவே நிற்கும். நெற்றியோர முடி மெல்லியது, அதைக் கடைசியில், 10–20 டிகிரி குறைத்துச் செய்யுங்கள். அடர்த்தியான முடிக்கு மொத்தம் முக்கால் மணி நேரம் ஆகும். அவசரமாகக் கிளம்பும் காலையில் தொடங்க வேண்டாம்.

கருவி வாங்கும்போது

முதலில் பார்க்க வேண்டியது டிகிரியைக் காட்டும், மாற்ற முடியும் வசதி. வெறும் ஆன்–ஆஃப் சுவிட்ச் மட்டும் உள்ள கருவி எவ்வளவு சூடாகிறது என்று தெரியாமலேயே முடியில் வைக்கிறோம். தகட்டில் செராமிக் சூட்டைச் சமமாகப் பரப்பும், டைட்டானியம் சீக்கிரம் சூடாகி சூட்டை விடாமல் வைத்திருக்கும். புதிதாகப் பழகுபவர்களுக்கு செராமிக் போதும். மலிவான பூச்சு உரிந்து அடி உலோகம் தெரிந்தால் அந்த இடம் மட்டும் தனியாகச் சூடேறும், முடியும் அங்கே சிக்கும். அத்துடன் அந்தக் கருவியின் காலம் முடிந்தது. அகலம் 2.5 சென்டிமீட்டர் பெரும்பாலோருக்குப் பொருந்தும். தானாக அணையும் வசதி இருந்தால் நிம்மதி. தகட்டை ஆறியபின் ஈரத்துணியால் துடைத்து வையுங்கள்.

காதிலோ கழுத்திலோ சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். டூத்பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவ வேண்டாம். அவை சூட்டை உள்ளேயே அடைத்துவைக்கும், புண்ணும் சீழ்பிடிக்கலாம்.

முடி கெட்டுவிட்டதா என்று பார்ப்பது எப்படி

செய்யும்போதே தெரியும் அடையாளம் வாடை. கெரட்டினில் கந்தகம் இருப்பதால் முடி கருகினால் அந்த நெடி தனியாக அடிக்கும். ஸ்ப்ரே ஆவியாகும் வாசனையோடு அதைக் குழப்பிக்கொள்ள முடியாது. அது வந்தால் நிறுத்திவிட்டு 20 டிகிரி குறையுங்கள்.

உறுதியான சோதனை தண்ணீர். தலையை நனைத்து, துவட்டி, எதுவும் தடவாமல் காயவிடுங்கள். சுருட்டை முடிக்காரர்களுக்கு முழுமுடியும் பழைய சுருளுக்குத் திரும்ப வேண்டும். நடுநடுவே சில கற்றைகள் மட்டும் நேராக, தளர்ந்து, உயிரில்லாமல் தொங்கினால் அங்கே கெரட்டின் குலைந்துவிட்டது. விடாமல் செய்துவந்தால் முடியே நேராகிவிடும் என்று சொல்பவர்கள் பார்ப்பது இந்தக் கற்றைகளைத்தான். அலை முடி உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அவர்கள் ஈரமான ஒரு முடியை இரு விரலால் மெதுவாக இழுத்துப் பார்க்கலாம். நல்ல முடி கொஞ்சம் நீண்டு, விட்டதும் திரும்பும். கெட்ட முடி ரப்பராக நீண்டுகொண்டே போகும், அல்லது பட்டென்று அறும்.

வெளியே வந்துவிட்ட முடியில் உயிருள்ள செல் கிடையாது, அதனால் அது தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளாது. வேர் கெடாததால் புதிய முடி உங்கள் இயல்பான வடிவத்திலேயே வளரும். கெட்ட பகுதி வளர்ந்து கீழிறங்க இறங்க, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு சென்டிமீட்டர் வெட்டிக்கொண்டே வந்தால் நீளம் பெரிதாகக் குறையாமலே அதைக் கழித்துவிடலாம். அந்தக் காலத்தில் ஸ்ட்ரெய்ட்னரை வாரத்துக்கு ஒரு முறைக்குமேல் எடுக்க வேண்டாம். எடுக்கும் அன்றும் கெட்ட கற்றைகளை விட்டுவிடுங்கள். அவை ஏற்கெனவே நேராகத்தான் இருக்கின்றன.